ராணியின் சைக்கிளை உருட்டியவள்

அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தைத் தொட்டால் மட்டும் விரலில் பிசுக்கு ஒட்டும். தேங்காயெண்ணெயும் அடுப்புக்கரியும் கலந்து, ஒரே பெருவிரல் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காகப் பட்டுப்பட்டு ஏறிய பிசுக்கு அது. மற்றப் பக்கங்களெல்லாம் சிறுபிள்ளைகளுக்கென்று அச்சடித்த வழுவழுப்பான தாள்களாகவே இருக்க, அது மட்டும் சமைக்கிற குசினிக் கதவில் கைபட்ட இடம்போலக் கறுத்துக் கிடக்கும். அந்த விரல் யாருடையது என்று சொல்வதற்கு, எனக்கு ராணி என்று ஒரு பெயர் வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

என் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நான் நடக்கப் பழகி அதிக காலம் ஆவதற்குள் எங்கள் கிணற்றடியில் விழுந்த ஒரு ஷெல் அதைக் கொண்டுபோனது என்று அம்மா சொல்வார். அந்தக் கால் இருந்த ஞாபகமே எனக்கு இல்லாததால் அதற்காக நான் அழுததும் இல்லை. அழுகிற வேலையை ஊரே எனக்காகச் செய்துவந்தது. தன்னாமுனைப் பக்கம் வாவிக்கரையில் இருந்த எங்கள் ஊரில் என்னைக் கண்டுவிட்டு "பாவம் புள்ள" என்று சொல்லாமல் எந்தப் பெண்ணும் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றியதில்லை.

அப்படிச் சொல்லாத ஒருத்தி பக்கத்து வீட்டுத் தவமணி. என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் எனக்கு அவள் தவமக்கா. தகப்பன் செத்துப்போன வீடு. தாயை நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். தேத்தண்ணிக் கடைக்கு வடை சுட்டுக் கொடுத்துத் தன் ஒரே பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் விட்டுப்போன ஆம்பளைச் சைக்கிள் ஒன்று அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. அதில் ஏறி ஓட்டத் தவமக்காவுக்குக் கால் எட்டாது. ஆனால் என்னைப் பின் கரியரில் இருத்தி, என் ஊன்றுகோல்கள் இரண்டையும் மடியில் குறுக்கே வைத்து, ஹாண்டிலைப் பிடித்து உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வர அவளால் முடிந்தது. மணலில் சக்கரம் புதைகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "சோத்தக் கொஞ்சம் குறைச்சித் தின்னு புள்ள. உன்னத் தள்ளி என்ட கையும் கழண்டு போச்சிண்டா ரெண்டு பேரையும் ஆர் தள்ளுற?" என்பாள். இதற்குக் கூலியும் உண்டு. பள்ளியில் தருகிற பிஸ்கட்டில் பாதி அவளுக்கு. கால் ஒன்று குறைந்தும் நான் எப்படி இவ்வளவு பாரமாக இருக்கிறேன் என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒருநாள் "நிறுவனக்காரர்", தொண்டு நிறுவனத்து ஆட்கள், வந்தார்கள். "ஏலாத புள்ளையள்" என்று ஊரும், அங்கவீனர் என்று அரசாங்கக் கடிதங்களும் சொல்லிவந்த எங்களைப் பற்றிப் பாலர் பாடசாலைச் சிறுவர்களுக்கு ஒரு படப்புத்தகம் போடப்போகிறார்கள் என்றார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகளும் மற்றவர்களைப் போலத்தான் என்று அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்களாம். மட்டக்களப்பு ரவுனிலிருந்து ஒரு சித்திர மாஸ்டர் வந்து பல நாள் எங்கள் பின்னாலேயே நடந்து படம் கீறினார். கதையில் எனக்கு ராணி என்று பெயர் வைத்தார்கள். தவமக்காவுக்குப் பெயரே வைக்கவில்லை. ராணியின் தோழி, அவ்வளவுதான்.

எல்லாப் படங்களிலும் அவள் இருந்தாள். குனிந்து சைக்கிளைத் தள்ளுகிறவளுக்கு முகம் எங்கே தெரியும்? முதுகும் ஒற்றைப் பின்னலும் மணலில் பதிந்த பாதங்களும்தான் தெரியும். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வாவிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகத் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் படத்துக்காக மாஸ்டர் அவளைச் சிரிக்கச் சொன்னார். முன்பல் ஒன்று உடைந்திருந்ததால் அவள் வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். சிரிப்பை உதட்டுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவளை மாஸ்டர் அப்படியே கீறினார். சட்டையில் தெறித்துப்போன பொத்தானுக்குப் பதிலாகக் குத்தியிருந்த பின்னைக்கூட விடவில்லை.

எனக்கு ஒரு குறைதான். காய்ச்சல் வந்து ராணியின் கால் போனதாகக் கதையில் எழுதியிருந்தது. எனக்குக் காய்ச்சல் வரவில்லை, ஷெல்தான் விழுந்தது என்று மாஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் வேலிக்கு அப்பால் தெரிந்த ஆமிச் சோதனைச் சாவடியை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதக் கீறினாப் பொத்தகம் வெளிய வராது மகள்" என்றார்.

புத்தகம் அச்சாகி வந்தபோது எனக்கு ஒரு பிரதியும் பாலர் பாடசாலைக்குச் சில பிரதிகளும் தந்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ராணியாக ஆசைப்பட்டார்கள். ஒரு காலை மடித்துச் சாரத் துண்டால் கட்டிக்கொண்டு என்னுடைய ஊன்றுகோலுக்காகச் சண்டை பிடித்தார்கள். "காலக் கட்டி விளையாடாதங்க, தரித்திரம் புடிச்ச விளையாட்டு" என்று பெரியவர்கள் ஏச ஏச, எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. தோழியாக இருக்கத்தான் ஒருவரும் வரமாட்டார்கள். நீயாவது வா என்று தவமக்காவைக் கூப்பிட்டால், "நான்தான் பொத்தகத்திலயே இரிக்கனே, எனக்கென்னத்துக்கு விளையாட்டு?" என்பாள்.

அவள் பெரியபிள்ளையாகி, சடங்கு செய்து, போட்டோவும் பிடித்த அடுத்த வருஷம் அது நடந்தது. அப்போது அவளுக்குக் கால் எட்டும். என்னை ஏற்றிக்கொண்டு ஓட்டியே போவாள். அன்று எனக்குக் காய்ச்சல், உண்மையான காய்ச்சல், அதனால் நான் போகவில்லை. வடைக் கூடையோடு கடைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சைக்கிள் கடை வேலியில் சாத்தியபடி நின்றது. வடை கணக்காக இறக்கப்பட்டிருந்தது. இயக்கத்துக்குத் தானாகப் போனாளா, பிடித்துக்கொண்டுபோனார்களா என்பதை ஊர் இரண்டு விதமாகவும் சொன்னது. மாமி இயக்கத்துக் காம்புகளின் வாசல்களில் நின்று கேட்டுப் பார்த்தார். அப்படி ஒரு பெயரில் யாரும் இல்லை என்றார்கள். அங்கே போனவர்களுக்கு வேறு பெயர் வைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வீட்டில் ஒரு பிள்ளை குறைந்தால் அந்தப் பிள்ளையின் படமும் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அந்த நாளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. ஆமி ஊரைச் சுற்றிவளைத்துத் தேடுகிற "ரவுண்டப்" வந்தால் சுவரில் இருக்கிற முகத்தைக் காட்டி, இது எங்கே என்று கேட்பார்கள். மாமி வடை சுடுகிற அடுப்பிலேயே சடங்குப் போட்டோக்களைப் போட்டார். அது போட்டோத்தாள், விறகைப்போல எரியாது. சுருண்டு, நெளிந்து, முகம் கடைசியாகத்தான் போகும். எங்கள் வீட்டில் இருந்த பள்ளிக்கூடப் போட்டோவில் அவள் நின்ற இடத்தை அம்மா பிளேடால் வெட்டி எடுத்தார். என் தோளில் அவள் கை மட்டும் மிஞ்சியிருந்தது. அதை வெட்டப் போனால் என்னையும் வெட்ட வேண்டிவரும் என்று விட்டுவிட்டார்.

படப்புத்தகம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஒரு ரவுண்டப்பில்தான் அது வெளியே வந்தது. மாமியையும் எங்கள் வீட்டாரையும் எங்கள் முற்றத்தில் நிறுத்திவிட்டு உள்ளே தேடிய ஆமிக்காரரில் ஒருவன், இளந்தாரிப் பொடியன், அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். முகத்தில் லேசான சிரிப்பு. ராணியைக் காட்டி என்னைப் பார்த்து, "இது நீ?" என்றான். நான் தலையாட்டினேன். அடுத்ததாக விரல் அந்தப் பக்கத்தில் போய் நின்றது. "இது யாரு?"

அம்மாதான் முந்திக்கொண்டார்.

"அது ஒருத்தருமில்ல. சும்மா கீறின படம்."

அவன் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் புத்தகத்தை என் கையிலேயே தந்தான். அவர்கள் ஒழுங்கை முனையைத் தாண்டிப் போகும்வரை மாமி அசையவில்லை. அதற்குப் பிறகு என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அந்தப் பொத்தகத்த ஒருக்காத் தாவன் மகள்."

போட்டோக்கள் அடுப்பில் போனபிறகு மாமி அவள் முகத்தைப் பார்த்தது அன்றுதான். அதிக நேரம் பார்த்தார். "வெள்ளை கூட்டிப்போட்டார் அந்த மனிசன். என்ட புள்ள இவ்வளவு நிறமில்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்கிறாள் பாரு, கள்ளி" என்றார். புத்தகத்தை அவரே வைத்திருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். எனக்கு அதைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் என்னைத் தள்ளிக்கொண்டு வருகிறவளின் முதுகு அதில் இருந்தது. பள்ளிக்குப் போகிற மணற்பாதையில் ஊன்றுகோலோடு தனியாகப் போகிறபோதும் பின்னால் சைக்கிள் செயின் கவர் தட்டுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் பாதை வெறுமையாகக் கிடக்கும். கொஞ்ச நாளில் திரும்பிப் பார்ப்பதை விட்டேன். சத்தம் கேட்பது நிற்கவில்லை.

பாலர் பாடசாலைப் பிரதிகள் இடம்பெயர்வுகளிலும் வெள்ளத்திலும் போயின. மாமியிடம் இருந்தது மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி எல்லா இடமும் போய்த் திரும்பி வந்தது. வடை சுட்டு முடிந்ததும் அந்த ஒரு பக்கத்தை எடுத்து முகத்தைப் பெருவிரலால் தடவுவார். எண்ணெயும் கரியும் ஏறி, தடவத் தடவத் தவமக்கா கறுத்தாள். ஒருகட்டத்தில் அவளுடைய சொந்த நிறத்துக்கே வந்துவிட்டாள். மாமிக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. ஆனால் விரல் நிற்கவில்லை. அந்த நிறத்தையும் தாண்டி, மூக்கும் கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போயின.

சண்டை முடிந்தபிறகு, காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எல்லோரும் போனோம். தாய்மார்கள் நெஞ்சில் போட்டோக்களைப் பிடித்துக்கொண்டு வரிசையில் இருந்தார்கள். மாமியின் முறை வந்தது. அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தை விரித்து மேசையில் வைத்தார். அங்கே இருந்தவர் கெட்டவர் அல்ல; பதமாகத்தான் சொன்னார்.

"இது கீறின படம் அம்மா. போட்டோ ஒண்டும் இல்லையா?"

"போட்டோ குடுத்த ஆக்களுக்கெல்லாம் புள்ளையள் கிடைச்சிட்டா ஐயா?" என்று மாமி கேட்டார்.

அவர் பக்கத்தைக் கொடுத்துப் போட்டோக்கொப்பி எடுக்கச் சொன்னார். வந்த தாளில் சைக்கிள் தெளிவாக இருந்தது. கரியரில் இருந்த நான் தெளிவாக இருந்தேன். சட்டையில் குத்திய பின்கூடத் தெரிந்தது. அதற்கு மேலே முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதைத்தான் கோப்பில் வைத்தார்கள்.

நான் இப்போது எங்கள் ஊர்ப் பாலர் பாடசாலையில் ரீச்சர். பொய்க்கால் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் போய்வருகிறேன். எங்களை விசேட தேவையுள்ளவர்கள் என்கிறார்கள், நல்ல சொல்தான். மணற்பாதை கொங்கிரீட் வீதியாகிவிட்டது. சோதனைச் சாவடி இருந்த இடத்தில் ஒருவர் இளநீர் விற்கிறார். போன மாதம் ஒரு பெட்டியில் புத்தகங்கள் வந்தன. பார்த்தால் ராணி. பழைய கதையைத் திருத்தி, புதிய ஓவியர் ஒருவரைக் கொண்டு புதிதாகப் படம் கீறிப் போட்டிருக்கிறார்கள். பழைய புத்தகத்தில் பிள்ளை எப்போதும் இன்னொருவர் தள்ளித்தான் போகிறாள், அது சரியில்லை என்று கூடியிருந்து பேசித் தீர்மானித்தார்களாம். இப்போது ராணி சக்கர நாற்காலியில் தன் கையால் தானே உருட்டிக்கொண்டு வாவிக்கரை வீதியில் போகிறாள். காய்ச்சலும் இல்லை, கால் ஏன் இல்லை என்று கதை கேட்பதுமில்லை. ஒரு பிள்ளையைப் பாவம் என்று பார்க்காமலிருக்க அப்படித்தான் எழுத வேண்டும். கூட்டங்களில் நானே எழுந்து நின்று பேசுகிற விஷயம் அது. ஒரு வரியிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடைசிப் பக்கம்வரை புரட்டியும், தள்ளிக்கொண்டு வருகிற அந்த முதுகு எங்கும் இல்லை.

மாமியிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் காலை, இப்போது கண்ணும் சரியாகத் தெரியாத மாமி, எண்ணெய் வைத்துத் தலைவாரி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பாலர் பாடசாலைக்கு வந்தார். கையில் பொலித்தீன் பை.

"ராணிப் பொத்தகம் புதுசா வந்திரிக்காமே. இதில முகம் அழிஞ்சி போச்சி மகள். அதில நல்லாத் தெரியும்தானே?"

சின்னப் பிள்ளைகளின் கதிரை ஒன்றில் மாமியை இருத்திப் புத்தகத்தை மடியில் வைத்தேன். அவர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வாவி, வீதி, சக்கர நாற்காலி, சிரிக்கிற ராணி. கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வெறுமையாகக் கிடந்த வீதியில் ராணிக்குப் பின்னால் இருந்த இடத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார்.

"உன்னத் தனிய விட்டுட்டு இவள் எங்க போனவள்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.