ஸ்லோவில் ஓடிய ஐந்து நிமிடம்

பிள்ளைகளா, உங்கள் தாய்மாமன் வீட்டு விசேஷங்களுக்கு நான் மட்டும் ஏன் வருவதில்லை என்று கேட்கிறீர்கள். உங்கள் அம்மாவிடம் சொன்னால் தம்பியை நினைத்து அழுவாள். அதனால் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். நானும் அவனும் ஒரே லாரிக்கு இரண்டு டிரைவர்கள். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் குவாரியில் ஜல்லி ஏற்றிக்கொண்டு கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் போவோம். ஒரு நடை அவன் ஓட்டுவான், ஒரு நடை நான். மற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். அவனை முதலாளியிடம் சேர்த்துவிட்டவனே நான்தான்.

பாரத்தோடு வெயிலில் வந்த டீசல் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உள்ளே தண்ணீர் ஓட்டம் நின்று, சூடு அங்கேயே தங்கி, எஞ்சினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விட்டுவிடும். இன்றைக்கு டர்போ வைத்த லாரிக்கு எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். எங்கள் வண்டியில் டர்போ கிடையாது. இருந்தாலும் நான் ஓரங்கட்டி, நின்ற வண்டியில் எஞ்சினை மட்டும் ஐந்து நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டுத்தான் நிறுத்துவேன். அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

முதலாளிக்கு அது பிடிக்காது. "டீசல் என்ன ஊருணித் தண்ணியாய்யா? நிக்கிற வண்டிக்கு எதுக்குச் சத்தம்?" என்பார்.

ஒரு மத்தியானம் அவர் கீரனூர் ஷெட் வாசலில் நின்றிருந்தார். ஓட்டி வந்தவன் உங்கள் மாமன். வண்டி நின்ற நிமிடமே எஞ்சினையும் நிறுத்திவிட்டான்.

"ஏன் மாப்ள, அதுக்குள்ள?"

"சும்மா இருங்க மச்சான், மொதலாளி பாக்குறாரு."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்துக்கய்யா, இவன் டிரைவரு. நீ எஞ்சினுக்குத் தாலாட்டுப் பாடுற ஆளு."

அன்றிலிருந்து அவர் கண்ணில் படும் இடமெல்லாம் அவன் அப்படித்தான் நிறுத்தினான். தனியாக இருக்கும்போது கெஞ்சிப் பார்த்தேன். முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளை அல்லவா?

சித்திரை வெயிலில் ஒருநாள் பாரத்தோடு வரும்போது வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி விரிசலைக் காட்டினார்.

"சூட்டோட நிறுத்தி நிறுத்தியே போயிருக்கு. யாரு பாத்த வேலைங்க இது?"

முதலாளி எங்கள் இருவரையும் பார்த்தார். அவனே ஒப்புக்கொள்வான் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "மச்சான் சொல்லிக்குடுத்தபடிதாங்க நான் ஓட்டுறேன்."

முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். வாசலில் நின்று அவனை மெச்சியது அவருக்கு மறந்திருக்காது.

"சாவியக் குடுத்துட்டுப் போய்யா" என்றார் என்னிடம்.

சாவியை வாங்கிக்கொண்டது அவன்தான். வண்டி சரியானதும் அவன் ஒருவனே ஓட்டினான்.

ஒரு மாதம் கழித்து, வேலை தேடித் திருச்சிக்குப் போகக் கீரனூரில் பஸ்ஸுக்கு நின்றேன். அந்த லாரி பாரத்தோடு வந்து டீக்கடை ஓரம் நின்றது. அவன் சீட்டிலிருந்தபடியே கூப்பிட்டான்.

"மச்சான், வாங்க, டீ சாப்புடுவோம்."

"எஞ்சின நிறுத்திட்டு எறங்கி வா" என்றேன்.

"இருங்க மச்சான், அஞ்சு நிமிசம் ஸ்லோவுல ஓடட்டும். ஹெட்டு போயிரும்ல?"

என் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.