ஏழாவது கேள்விக்குச் சொன்ன பொய்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் திருவனந்தபுரத்தில், என் மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது இது. நான் ஆரியசாலை மொத்தக் கடைகளில் மூட்டை இறக்குபவன்; இங்கே அதைச் சுமடு எடுப்பது என்பார்கள். அன்று விடியற்காலையிலிருந்தே வற்றல் மிளகாய் லோடு. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆனாலும் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு மகளின் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் ஒரு விளையாட்டுக்குப் பெற்றோர் ஒருவர் வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்.

தூங்கி வழியும் பிள்ளைகளைப் பேச வைக்க அவர் கண்டுபிடித்த வழி அது. வந்தவரின் தொழிலைப் பத்துக் கேள்விகளில் கண்டுபிடிக்க வேண்டும். வந்தவர் ஆம், இல்லை மட்டுமே சொல்லலாம். பிறகு அந்தத் தொழிலைப் பற்றிப் பேச்சு. நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டே சொல்தானே என்று தேற்றிக்கொண்டேன்.

"ஆபீஸ் ஜோலியா?" இல்லை. "வெயில்ல நிப்பீங்களா?" ஆம். இப்படியே போய், ஏழாவதாக ஒரு பையன் எழுந்தான். "தலையில சுமடு எடுப்பீங்களா?"

மகளைப் பார்த்தேன். தலையைக் குனிந்து டெஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்றேன்.

அதன் பிறகு கேள்விகள் எங்கெங்கோ போயின. தோற்றுப்போனவர்கள் "விடை சொல்லுங்க அங்கிள்" என்று கத்தினார்கள். மகள்தான் எழுந்தாள். "எங்கப்பா ஆரியசாலையில சுமடு எடுக்காரு. ஏழாவது கேள்விக்கு ஆமான்னு சொல்லியிருக்கணும் டீச்சர்."

"கள்ளக்களி! அங்கிள் கள்ளக்களி!" ஏமாற்றி ஆடிவிட்டேன் என்று வகுப்பே சிரித்தது. அந்தப் பையன், "எனக்குப் பாயின்ட் தரணும் டீச்சர், விடமாட்டேன்" என்று சண்டைக்கு நின்றான். என் தொழிலைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மூட்டை எத்தனை கிலோ, மிளகாய் நெடியில் எப்படி மூச்சு விடுவீர்கள் என்று மணி அடிக்கும்வரை கேட்டார்கள். மகள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி நடக்கையில், பழவங்காடி வந்த பிறகுதான் வாய் திறந்தாள். "ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"நீ தலையக் குனிஞ்சிட்டியேம்மா."

"எம் முகத்தப் பாத்து விடையக் கண்டுபிடிச்சிருவாங்கன்னுல்லா குனிஞ்சேன்! உங்க பேரக் குடுத்ததே நாந்தான்."

ஒரு கடையோரம் நின்றேன். என் வெட்கத்தை அவள் முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் மறுநாளே மறந்துவிட்டாள். எனக்குத்தான், இன்றும் யாராவது என்ன வேலை என்று கேட்டால், பதில் சொல்லி முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நிற்பது போல இருக்கிறது.

தள்ளிப் போட்டுப் போட்டு எழுதி முடித்தது: கார்த்திகை 7, ஞாயிற்றுக்கிழமை.