கீழ் வீட்டு மஞ்சுநாத்தும் மேல் வீட்டு மஞ்சுநாத்தும்

"அம்மா, என்னைத் திட்டறதைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா?"

காலிங்பெல் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்ததும் காதில் விழுந்த முதல் வார்த்தை இதுதான். வாசலில் நின்றவர் கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தவர். பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர். இங்கே ஓசூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாக இருந்து ரிடையர் ஆனவர். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். அவ்வளவுதான் பழக்கம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நானாவது, திட்டுவதாவது! பத்திரிகையின் இந்தப் பக்கத்தில்தான் வாராவாரம் வீராங்கனை. நேரில் நான், காய்கறிக் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்கவே தயங்குகிற ஜென்மம். சந்தேகமிருந்தால் எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்... இல்லை, அவரிடம் வேண்டாம்.

"நான் உங்களைத் திட்டினேனா சார்?"

"தினமும் சாயந்திரம் திட்டறீங்கம்மா, பால்கனியில நின்னு. நேத்து எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. வாசல்ல சேர் போட்டு காபி குடிச்சிட்டு இருக்கோம். மேலேர்ந்து கத்தறீங்க. 'டேய் மஞ்சுநாத், திருட்டுக் கழுத! எவ வீட்டுல போய்த் தின்னுட்டு வர்ற? இந்த வயசுல உனக்கு ஊர் மேயற புத்தி வேறயா?'ன்னு."

எனக்கு லேசாகத் தலை சுற்றியது.

"சார்... உங்க பேரு?"

"மஞ்சுநாத்."

எங்கள் பூனையின் பெயரும் அதுதான்.

ஒரு பூனைக்கு எதற்கு மஞ்சுநாத் என்று பெயர்? நியாயமான கேள்வி. எங்கள் வீட்டுக்காரருடைய கம்பெனியில் முன்பு ஒரு மேனேஜர் இருந்தார். ஷிஃப்ட் முழுக்க அவரிடம் "எஸ் சார், ஓகே சார்" என்றே பேசிவிட்டு வருகிற மனிதருக்கு, வீட்டில் யாரையாவது மேய்க்க வேண்டாமா? அந்த சமயம் பார்த்து ஒரு வெள்ளைக் குட்டி, ஒரு காது மட்டும் பழுப்பு நிறம், எங்கள் பால்கனிக்கு வந்து சேர்ந்தது. இவர் அதற்கு மேனேஜரின் பெயரையே வைத்துவிட்டார். "மஞ்சுநாத், சோத்துக்கு மட்டும் கரெக்ட் டைமுக்கு வந்துரு! வேல கேட்டா மட்டும் தூங்கு!" திட்டி முடித்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. போகட்டும், என்னைத் திட்டுவதற்கு இது மேல் என்று நானும் விட்டுவிட்டேன். மேனேஜர் புனேவுக்கு மாற்றலாகிப் போனார். பெயர் பூனையிடமே தங்கிவிட்டது.

இதையெல்லாம் வாசலில் நிற்கிறவரிடம் சொல்ல முடியுமா? எனவே ஒரு பொய் சொன்னேன்.

"அது எங்க பூனை சார். தர்மஸ்தலா போயிட்டு வந்தப்ப கிடைச்ச குட்டி. அதான் அந்தக் கோயில் சாமி பேரு..."

"சாமி பேரை வெச்சிட்டா திருட்டுக் கழுதைன்னு திட்டறீங்க?"

எழுத்தாளர் என்று பெயர். உருப்படியாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை.

"பேரை மாத்திடுங்கம்மா. இல்லைன்னா நான் ஓனர்கிட்ட சொல்ல வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. ஓனர் பெங்களூரில் இருக்கிறார். வீடு கொடுக்கும்போதே, "நாய், பூனை எதுவும் கூடாது" என்று சொல்லித்தான் சாவி கொடுத்தார். பூனை பின்னால் வந்தது. அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் பூனை போக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் போக வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? இந்த பில்டிங்கில் எங்கள் மஞ்சுநாத்தான் சீனியர். அவர் நேற்று வந்தவர். மாற்றுவதென்றால் யார் பெயரை மாற்ற வேண்டும்? இதை அவரிடம் கேட்டேனா என்றால்... கேட்டேன். அவர் கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, எங்கள் ஹாலில் நின்று கேட்டேன்.

"அட, பூன பேர மாத்தறதுக்கு என்னா, கெஜட்லயா போடணும்?" என்றார் வீட்டுக்காரர். கல்லாவி அவர் ஊர்; அந்த ஊர்க்காரர்களுக்கு எதுவுமே பிரச்சினை இல்லை.

ராஜா? எங்களுக்கும் மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிற பையன் பெயர். சின்னு? ஓனருடைய பேத்தி. டைகர் என்று தெருமுனை டீக்கடையில் ஒரு நாய் இருக்கிறது. அதன் கோபத்தைச் சம்பாதிக்க நான் தயாராக இல்லை. கடைசியில் காதின் நிறத்தைப் பார்த்து "பிஸ்கட்" என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்தது நாங்கள்தான். பூனை இல்லை. "பிஸ்கட்!" என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தது. கருவாட்டைக் காட்டிக் கூப்பிட்டோம். கருவாட்டுக்கு வந்தது, பெயருக்கு வரவில்லை. சாயந்திரமானால் மதில்மேல் உட்கார்ந்து என்னையே பார்க்கும். சரியாகக் கூப்பிடு, வருகிறேன் என்பதுபோல.

வேறு வழி? பால்கனிக் கம்பியில் சாய்ந்து, யாருக்கும் கேட்காதபடி மெல்லிய குரலில், "மஞ்சுநாத்... மஞ்சூ... வா மஞ்சுநாத்..." என்று கூப்பிட ஆரம்பித்தேன். உடனே வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அந்த வாரமே மறுபடி பெல். இந்த முறை வந்தது அவருடைய மனைவி ஜெயம்மா. சாதுவான அம்மாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துப் பேசினார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க சத்தமாவே கூப்பிடுங்க. மெதுவா கூப்பிட்டா... அக்கம்பக்கத்துல கேக்கறவங்களுக்கு அது வேற மாதிரி இருக்கு."

இந்த வயதில் எனக்கு இப்படியொரு கெட்ட பெயர்! வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தார். கோபப்படுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து காலி மனைக்கு போர்வெல் லாரி வந்தது. எங்கள் ஏரியாவில் போர் போடுகிற சத்தம் எப்படி இருக்கும் என்பது ஓசூர்வாசிகளுக்குத் தெரியும். ஜன்னல் கண்ணாடி ஆடியது. தெருவெல்லாம் வெள்ளைப் புழுதி. பூனை சமையல் மேடையிலிருந்து குதித்தது, கதவு வழியாகப் பாய்ந்தது, போயே போய்விட்டது.

மத்தியானம் லாரி போனது. பூனை வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கும் வரவில்லை. அது தட்டைத் தவறவிட்டதாகச் சரித்திரமே இல்லை.

இருவரும் தேடக் கிளம்பினோம். வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "பிஸ்கட்! பிஸ்கட்!" அவர் குரலுக்கு டீக்கடை டைகரும் இன்னும் சில நாய்களும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன. நாய்கள் பின்தொடர ஒருவர் பூனையைத் தேடினால் எந்தப் பூனை வெளியே வரும்?

மெயின் ரோட்டில் பெங்களூர் வண்டிகள் பறக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பயம். அதுவரை இருந்த கேலியெல்லாம் வற்றிப்போனது. கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டேன்.

"அந்தப் பேரைக் கூப்பிட்டா அது எப்படிம்மா வரும்?"

மஞ்சுநாத் சார். லுங்கியும் பனியனுமாக வாசலில் நின்றார்.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"வேணாம் சார். பரவாயில்ல..."

"என்ன பரவாயில்ல? வாயில்லாத ஜீவன் அது!"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். காலி மனைகளுக்கு நடுவே, உண்ணிச்செடிப் புதர்களை விலக்கிக்கொண்டு, கன்னடமும் தமிழுமாகத் தெருவே கேட்கும்படி கத்தினார்.

"மஞ்சுநாத்! ஏய் மஞ்சுநாத்! பாரோ இல்லி! யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, வாடா!"

கம்பெனி யூனிஃபார்மில் பைக்கில் போன ஓர் இளைஞர் வண்டியை நிறுத்தினார். பேச்சு திருநெல்வேலிப் பக்கம்.

"யாரத் தேடுதீக சார்?"

"மஞ்சுநாத்தை."

"சரி... உங்க பேரு?"

"மஞ்சுநாத்."

அந்தப் பையனின் முகம் கனிந்துவிட்டது. வண்டியை ஸ்டாண்ட் போட்டு, இறங்கி, அவர் கையை மெல்லப் பிடித்தார்.

"ஒண்ணும் கவலப்படாதீக. வீடு எங்கன்னு ஞாபகம் இருக்கா சார்? நான் கொண்டுபோய் விடுதேன்."

நான் ஓடிப்போய் விளக்குவதற்குள் பக்கத்திலிருந்த சாக்கடைப் பாலத்தின் அடியிலிருந்து சன்னமாக ஒரு "மியாவ்". அப்புறம் ஒரு பழுப்புக் காது. அப்புறம் புழுதி அப்பிய மொத்த மஞ்சுநாத். நேராக வந்து, என்னைத் தாண்டி, சாரின் காலில் உடம்பைத் தேய்த்தது. பைக் இளைஞர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பூனையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போது, நான் எதுவும் கேட்காமலே அவர் சொன்னார்.

"கம்பெனியில இருந்த வரைக்கும் காலையிலேர்ந்து, 'மஞ்சுநாத், பேரிங் வந்துச்சா? மஞ்சுநாத், அந்த போல்ட் எங்க?'ன்னு கூப்பிட்டுட்டே இருப்பாங்க. இப்ப பேரன் தாத்தாங்கறான். மருமகன் மாமாங்கறாரு. ஜெயம்மாவுக்கு நான் எப்பவும் 'ரீ'தான், உங்க 'என்னங்க' மாதிரி. பேர் சொல்றவங்க யாரு இருக்காங்க? குடிவந்த அன்னிக்கு நீங்க மேலேர்ந்து கூப்பிட்டீங்க பாருங்க... நான் 'ஆ, பந்தே, இதோ வரேன்'னு எழுந்து வாசலுக்கே வந்துட்டேன் தெரியுமா? அப்புறம்தான் மீதியைக் கேட்டேன்."

சிரிப்பதா, கூடாதா என்று தெரியாமல் நான் பூனையின் தலையைத் தடவிக்கொண்டே நடந்தேன். அவரே சிரித்தார். அதன் பிறகு நானும்.

இப்போது உடன்பாடு இதுதான். பெயர் மஞ்சுநாத்தாகவே இருக்கும். ஆனால் திட்டும்போது மட்டும் பிஸ்கட் என்றுதான் திட்ட வேண்டும். விளைவு, பிஸ்கட் என்பது ஏதோ கெட்ட வார்த்தை என்று பூனை முடிவுகட்டிவிட்டது. டீ நேரத்தில் "பிஸ்கட் எங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டால் அது கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. போன வாரம் சம்பந்தி வீட்டார் மறுபடி வந்தபோது, சார் மேலே வந்து பூனையைக் கையோடு வாங்கிப்போய், "இவருதான் அந்தத் திருட்டு மஞ்சுநாத்" என்று அறிமுகம் செய்துவைத்துத் தன் மானத்தை மீட்டுக்கொண்டார். ஓனருக்கு இதுவரை எதுவும் தெரியாது. இந்தப் பத்திரிகையை அவர் படிப்பதில்லை என்பது என் நம்பிக்கை.

அக்கம்பக்கத்தார் சொல்கிற புகாரில் அநியாயம் எவ்வளவு, ஆதங்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஹாலில் நின்று வாதாடுகிற ஆளுக்கு எப்படித் தெரியும்?

ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். அடுத்த மாதம் எதிர் வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வருகிறதாம். எத்தனை பேர், என்ன வேலை, சைவமா அசைவமா என்றெல்லாம் எல்லாரும் விசாரித்தார்கள்.

நான் பேரை மட்டும்தான் கேட்டேன்.