ஆட்டோகிளேவில் வெந்த பூண்டு

லேபில் கிருமி நீக்க வைத்திருந்த ஆட்டோகிளேவின் மூடியைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடித்த அந்தப் பூண்டு நெடியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பசிக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் விரிவுரையாளராக இருந்தேன். துறையில் இரண்டே பேர்; நானும், துறைத்தலைவரான மேடமும். மேடத்துக்குச் சொந்த ஊர் கிணத்துக்கடவு. மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. காலையில் இன்குபேட்டரைத் திறந்து, தட்டில் வளர்ந்திருக்கும் பாக்டீரியாவிடம், “ஏனுங்க, நல்லா வளந்துட்டீங்களா?” என்று விசாரித்த பிறகுதான் எனக்கே வணக்கம் சொல்வார்.

அந்த வருடம் எங்கள் லேபுக்குக் கண்டம் வந்தது. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்திருந்த நேரம். எங்கள் அறையைக் கம்ப்யூட்டர் சென்டராக்கி, எங்களைச் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய பழைய சாமான் அறைக்குத் தள்ளிவிடக் கல்லூரி முதல்வர் முடிவு செய்துவிட்டார். அங்கே தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது. மேடம் மன்றாடிய பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். கல்லூரிக் கண்காட்சியில் நாலு பேர் நின்று பார்க்கும்படி எதையாவது செய்து காட்டினால் யோசிக்கலாம் என்றார்.

மேடம் பூண்டைத் தேர்ந்தெடுத்தார். பூண்டை நசுக்கினால் அல்லிசின் என்றொரு பொருள் உண்டாகும். பாக்டீரியாவை மட்டுமல்ல, சில வைரஸ்களையும், வயிற்றைக் கெடுக்கும் அமீபா போன்ற ஒட்டுண்ணிகளையும் அது சோதனைக்கூடத்தில் ஒரு கை பார்த்துவிடும் என்று படித்திருந்தோம். “வைரசுக்கும் அமீபாவுக்கும் நம்மகிட்ட வசதி இல்லீங்க அம்மணி. பாக்டீரியாவ நாம பாத்துக்கலாம், மீதியப் புஸ்தகம் பாத்துக்கும்” என்றார். பாக்டீரியா பரப்பிய தட்டின் நடுவே பூண்டுச்சாறு விட்டால், அதைச் சுற்றி எதுவும் வளராமல் தெளிவான வட்டம் விழ வேண்டும்.

விழவில்லை. காரணம் எங்கள் தொழில்புத்தி. எதையும் ஆட்டோகிளேவில், அதாவது எங்களுடைய ராட்சத பிரஷர் குக்கரில், வேகவைத்துக் கிருமி நீக்காமல் தட்டருகே கொண்டுபோக எங்களுக்குக் கை வராது. பூண்டுச்சாற்றையும் பயபக்தியோடு அவித்தோம். அல்லிசின் சூடு தாங்காது என்பது இரண்டு பேர் மண்டைக்கும் எட்டவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் பூண்டைக் கூட்டி, இன்னும் நன்றாக அவித்தோம். தட்டில் பாக்டீரியா செழித்தது, லேபில் நெடி செழித்தது. சுவர், திரைச்சீலை, என் புடவைத் தலைப்பு எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் பத்து மணிக்கே டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் கரண்ட் போய்விட்டது. ஆட்டோகிளேவ் ஓடவில்லை. மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. “பச்சையாவே ஊத்திப்போடுங்க அம்மணி, ஆனது ஆகட்டும்” என்றார். அவிக்காத சாற்றை விட்டோம். சற்று நேரத்தில் கரண்டும் வந்தது. மறுநாள் காலையில் தட்டின் நடுவே பளிச்சென்று வட்டம்! நான் துள்ளிக் குதித்தேன். மேடம், செத்துப்போன பாக்டீரியாவிடம், “மன்னிச்சுக்கோங்க” என்றார்.

முதல்வர் வந்தார், தட்டைப் பார்த்தார். “ஊசிப்போன கஞ்சியாட்ட இருக்குதுங்க. இதுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?” என்று நகர்ந்துவிட்டார். அறையை அளக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். டேப்பை நீட்டிய அந்த மனிதர், பாதியில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சார், ஏசி போட்டாக் கதவச் சாத்தோணுங்க. சாத்திட்டு இதுக்குள்ள எவன் உக்காருவான்? வேற ரூம் காட்டுங்க.”

வேறு அறை மாடியில் கிடைத்தது. நான் ஓய்வு பெறும்வரை அந்த லேபில்தான் பாடம் நடத்தினேன். அன்றைக்கு அவர்கள் படியேறிப் போன பிறகு, மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“உசுரோட இருந்த அல்லிசின ஒருத்தரும் கண்டுக்கல பாருங்க. நாம அவிச்சுக் கொன்னதுதான் நம்மளக் காப்பாத்திப்போட்டுது” என்றவர், மாடிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “எதுக்கும் நாளைக்கும் கொஞ்சம் அவிச்சு வெச்சுப்போடலாங்களா?”