நான் பூசிய சுண்ணாம்பு

திருவட்டாற்றுக் கடைத்தெருவில் இன்றும் நிற்கும் அந்த மாடி ஹோட்டல் முதலில் நல்லமிளகு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியாக இருந்தது. வெட்டுக்கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டிய சுவர்கள். அவற்றின் மேல் மாடி ஏற்றி, ஆறு அறைகள் போட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் முதலாளி ஹோட்டல் நடத்தத் தொடங்கினார். பி.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்த என்னை மேனேஜராக வைத்தார். கட்டிடத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் இவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொன்னதில்லை.

இரண்டாம் வருடம் ஆடியில், சாப்பாட்டு அறையின் வடக்குச் சுவரில் உத்தரத்துக்குக் கீழே விரிசல் கண்டது. கொத்தனார் அதன் குறுக்கே விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு இழுகினார்.

"சாரே, இது கீறிப் பொட்டாம இருந்தா சுவரு அனங்கல்ல, அசையல்லன்னு அர்த்தம். பொட்டிச்சுன்னா மேல ஒரு ஆளையும் கெடத்தப்பிடாது. அன்னைக்கே எனக்கு ஆளு விடணும்."

அன்று முதல் கண் விழித்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். மாடியில் யாராவது கட்டிலை இழுத்தால் ஓடிப் போய் மறுபடி பார்ப்பேன். இலை முன் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறவர்களின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தலைக்கு மேலிருந்த உத்தரம்தான் தெரிந்தது.

ஐப்பசித் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சுண்ணாம்பு பிளந்திருந்தது. மாடி நிறைய ஆட்கள். முதலாளியிடம் ஓடினேன்.

"ஏன் வேய், பேயறஞ்சவன் மாதிரி நிக்கீரு? பி.ஏ. படிச்சவருக்குக் கூட்டத்தக் கண்டாலே வேர்க்குமோ? திருவிழாவுல ஒரு அறை சும்மா கெடந்தாலும் நாளைக்கு வேற மேனேஜர்தான், பாத்துக்கிடும்."

சுண்ணாம்பு பிளந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். சுவர் விழும் என்ற பயத்தைவிட வேலை போகும் என்ற பயம் பெரிதாக இருந்தது. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து விரலால் பிளவை மூடினேன்.

மறுநாள் கொத்தனாரே வந்து பார்த்தார். "பொட்டல்ல, சாரே. பயந்து சாவாண்டாம்" என்று சிரித்துவிட்டு, அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். நான் மோர் ஊற்றினேன். திருவிழா முழுக்க அவருக்கு அதுவே இடமாயிற்று.

சாமியை ஆற்றில் நீராட்டும் ஆறாட்டு நாள், கொட்டும் மழையில், எல்லோரும் ஆற்றுக்குப் போயிருந்தபோது சுவர் விழுந்தது. கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த கொத்தனார் மட்டும் அகப்பட்டார். உயிர் தப்பியது, வலது கால் போயிற்று.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரே, நான் பாத்தப்ப பொட்டல்லதானே? நீங்களும் கண்டதுதானே?"

"பொட்டல்ல" என்றேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

வெளியே ஊர், "கொத்தனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுடே" என்று பேசியது. முதலாளி எல்லோர் முன்னிலும் என்னைக் கேட்டார்: "நீரு பாத்தீரா வேய், சுண்ணாம்பு பொட்டிச்சா இல்லியான்னு?"

"நான் கவனிக்கல்ல" என்றேன். அதன் பிறகு கொத்தனாரை ஒருவரும் சுவர் கட்ட அழைக்கவில்லை.