கடைசி வீட்டுக்காக ஒரு சண்டை

நடிப்பதற்கென்றே தொடங்கிய ஒரு சண்டைக்குள் உண்மை எந்த இடத்தில் நுழைந்தது? பொருளாதாரம் படித்து, நாணய மதிப்பின் சரிவைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய பிறகும் இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அப்பா குலை வெட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் குடும்பம் சிரம்பானில் வாடகை வீட்டில் இருந்தது. அவர் கட்டுமான இடத்தில் கிரேன் ஓட்டினார். சித்தி மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது மலேசிய நாணயமான ரிங்கிட் சரிந்தது. சித்தப்பாவின் கட்டடம் பாதி மாடிகளோடு நின்றுபோனது. சித்தியின் தொழிற்சாலை முதலில் ஓவர்டைமை நிறுத்தியது. பிறகு ஆட்களையே நிறுத்தியது. அதே சரிவால் செம்பனை எண்ணெய்க்கு விலை ஏறி, தோட்டத்தில் ஆள் தேவைப்பட்டது. அண்ணனின் சொல்லால் தம்பிக்குக் குத்தகை வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

ஒரு லாரியில் அவர்கள், தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். சித்தியின் பெரிய சோபா எங்கள் வாசற்படிக்குள் நுழைய மறுத்ததால், வெளியே கூரையோரத்திலேயே தங்கிவிட்டது. இரண்டு அறைகளில் இரண்டு குடும்பங்கள். சித்தப்பாவின் பிள்ளைகளோடு வரிசையாகப் பாயில் படுப்பதும், பள்ளி விட்டதும் அந்தச் சோபாவில் குதிப்பதும் எனக்குப் பண்டிகையாக இருந்தன. ஊரெல்லாம் நெருக்கடி என்று பேசினார்கள். அது இன்னும் கொஞ்ச நாள் நீடிக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

லயத்தின் கடைசி வீடு காலியாக இருந்தது. வெளிநாட்டு ஆட்களுக்காக அதை ஒதுக்கியிருப்பதாகத் தோட்டத்துக் கிராணி சொன்னார். அலுவலகக் கணக்கையும் வீட்டுச் சாவிகளையும் வைத்திருந்தவர் அவர்தான். “அண்ணன் தம்பிதானே, ஒரே வீட்டுல இருந்தா என்னலா?” என்று அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தந்திரம் சித்தப்பாவுடையது. லயத்தில் சண்டை முற்றினால் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கிராணி. ஆகவே, கெஞ்சிக் கிடைக்காத வீடு சண்டை போட்டால் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. சனிக்கிழமை மாலைகளில் கிராணி மோட்டார் சைக்கிளில் லயத்தைச் சுற்றி வருவார். அந்த நேரத்தில் அம்மாவும் சித்தியும் குழாய்த் தண்ணீருக்காகச் சண்டையிட வேண்டும்.

சமையலறையில் ஒத்திகை நடந்தது. “அண்ணி, நீங்க வாளிய எட்டி உதைக்கணும்,” என்றார் சித்தப்பா.

“நல்ல வாளிய எதுக்குய்யா உதைக்கணும்? ஓட்டை வாளியக் கொண்டா,” என்றார் அம்மா.

“அக்கா, மெதுவாத் திட்டுங்க. எனக்குச் சிரிப்பு வந்திரும்,” என்று சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா மட்டும், “வேணாம்டா, வாய்ல வந்தத அப்புறம் உள்ள போட முடியாது,” என்றார். யாரும் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை வந்தது. நானும் பிள்ளைகளும் சோபாவில் இடம்பிடித்துக்கொண்டோம். மோட்டார் சத்தம் கேட்டதும் அம்மா வாளியை உதைத்தார். ஒத்திகையில் பேசியபடியே குழாய்ச் சண்டை கொஞ்ச நேரம் நடந்தது. கிராணி மோட்டாரை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. அந்தச் சண்டை அவருக்குப் போதவில்லை என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“தண்ணிக்கு மட்டும் நல்லா வாய் வருது! வந்த நாள்லேர்ந்து இந்த வீட்டுக்கு ஒரு தேங்கா வாங்கிப் போட்டிருக்கியாடி நீ?”

இது ஒத்திகையில் இல்லை. சித்தி ஒரு கணம் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு மிக மெதுவான குரலில் பேசினார்.

“எம் பிள்ளைங்க ரெண்டாவது தடவ சோறு கேட்டா, நீங்க சட்டிய எட்டிப் பாக்குறீங்களேக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

சித்தியின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. ஒத்திகையில் எவ்வளவு முயன்றும் வராத அழுகை அது. இவ்வளவு நன்றாக நடிக்கிறாரே என்ற வியப்பில் நான் சோபாவின் மேல் ஏறி நின்று கை தட்டினேன்.

கிராணி திரும்பி என்னைப் பார்த்தார். சித்தப்பாவின் முகம் வெளுத்தது. எல்லாம் வெளிப்பட்டுவிட்டது, வீடு போயிற்று என்றுதான் அவர் நினைத்தாராம். கிராணியோ தலையில் அடித்துக்கொண்டார். “பெரியவங்க சண்டைக்குப் பிள்ளைங்க கை தட்டுற அளவுக்கு வந்திருச்சா? போதும்லா! நாளைக்கே ஆபீசுக்கு வந்து சாவிய எடுத்துக்க. ஏதாச்சும் கேட்டா நான் மேலாளர்கிட்ட சொல்லிக்கிறேன்.”

மோட்டார் மறைந்ததும் சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். என் கைதட்டலால்தான் வீடு கிடைத்தது என்று பல நாள் பெருமையடித்துக்கொண்டேன். அவரோடு சேர்ந்து அன்று வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் சோபா கடைசி வீட்டுக்குப் போனது. அந்த வாசலிலும் நுழையாமல் வெளியிலேயே நின்றது. முதல் நாள் சமையலுக்குக் கை கொடுக்கட்டும் என்று அம்மா ஒரு கிண்ணம் நிறையக் கோழிக்குழம்பு ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்பினார். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சித்தி கிண்ணத்தைக் கழுவி, அதில் மட்டை உரித்த தேங்காய் ஒன்றை வைத்துக் கொடுத்தார்.

“அம்மா, சித்தி தேங்கா குடுத்தாங்க!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்தேன். அம்மா அதை வாங்கி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். அது வெகு நாள் உடைக்கப்படாமல் அங்கேயே இருந்தது. ஒருநாள் அதை முளைக்குருத்தோடு பார்த்தேன். அப்பா எடுத்துப்போய் வீட்டின் பின்புறம் நட்டார். வீட்டுக்கு இவ்வளவு பயனுள்ள ஒரு பொருளை அம்மா ஏன் வீணாக்கினார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. யாரும் பொய் சொல்லாமல், யாரும் கெட்டவராக இல்லாமல், ஒரு சட்டிச் சோற்றின் அளவே இரண்டு நல்ல பெண்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தக்கூடும் என்பது விளங்க நெடுங்காலம் ஆயிற்று.

நெருக்கடி தணிந்தபின் சித்தப்பாவுக்குச் சிரம்பானில் மறுபடி கிரேன் வேலை கிடைத்தது. அவர்கள் திரும்பிப் போனார்கள். எல்லா நல்லது கெட்டதுக்கும் இன்றும் சித்தி எங்கள் வீட்டுக்கு வருகிறார். அம்மாவோடு சேர்ந்து பழைய சண்டையைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறார். தேநீர் குடிப்பார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டதில்லை.