லீவ் கேட்டதும் செல்வி, கொடுத்ததும் செல்வி

செங்கம் ரோட்டில் இருக்கிற எங்கள் சின்ன ஆபீஸில், நான் சி மொழியில் எழுதிய லீவ் புரோகிராமை இன்று முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன்.

"செல்வி பௌர்ணமிக்கு லீவ் கேக்கறா. அதையே போட்டுப் பாரு. எப்படியும் கிடையாது" என்றார்.

செல்வி அக்கா எங்கள் ஆபீஸைப் பெருக்குபவர். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கிற அவர் வீட்டு இட்லிக் கடைக்குப் பௌர்ணமிதான் வியாபாரமே. எங்களுக்குக் கேட்டவுடன் கிடைக்கிற லீவ் அவருக்கு மட்டும் கிடைக்காது.

திரையில் வந்தது: கேட்பவர் செல்வி. அனுமதிப்பவர் செல்வி.

தப்பு என்னுடையது. பயனர் கணக்கைத் தேடித் தருகிற getpwnam என்ற ஃபங்ஷன், ஒவ்வொரு முறையும் விவரத்தை ஒரே இடத்தில்தான் வைக்கும். முதலாளியைத் தேடி, அதை நகலெடுத்து வைக்காமல் அக்காவைத் தேடிவிட்டேன். முதலாளி பேர் மேல் அக்கா பேர் உட்கார்ந்துவிட்டது.

துடைப்பத்தோடு எட்டிப் பார்த்த அக்கா, "அப்ப நானே குடுத்துக்கலாங்களா சார்?" என்றார்.

ஆபீஸே சிரித்தது. முதலாளிக்கும் அடக்க முடியவில்லை. "சரி, போய்த் தொலை" என்றார்.

சாயங்காலம் பிழையைத் திருத்திவிட்டேன். இங்கே எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்த ஒரே புரோகிராம் அது. உங்கள் ஆபீஸுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், பழைய கோட் பத்திரமாக இருக்கிறது.